பார்வை மாறினால் பகை மாறும்

அய்யா உண்டு.



பதிக்கும் நிழல் தாங்கலுக்கும் வருகிறவர்கள் பள்ளியறை முன் நின்று காண்பது என்ன? கல்லில் வடித்த உருவம் அங்கே இல்லை. வெண்கலத்தில் வார்த்த சிலையும் இல்லை. காவித் துணி சாத்தி, இரு பக்கமும் குத்துவிளக்கு எரிய, ஒரு கண்ணாடி இருக்கிறது. தலைப்பாகை கட்டி, நெற்றியில் திருநாமம் தரித்து நிற்கும் தன் முகத்தைத்தான் ஒருவர் அதில் காண்கிறார். விளக்கின் சுடர் தெரிகிறது. நெற்றியில் உள்ள நாமமும் சுடர் வடிவமாகவே தெரிகிறது.

புதிதாக வருகிறவர்கள் இதைக் கண்டு திகைப்பதுண்டு. "சாமி எங்கே?" என்று கேட்பதும் உண்டு. "உனக்குள்ளே இருப்பதைத்தான் கண்ணாடி காட்டுகிறது" என்று பெரியவர்கள் சொல்வார்கள். அந்தப் பதிலில் பாதிதான் பலருடைய மனத்தில் தங்குகிறது. தனக்குள் அய்யா இருக்கிறார் என்பது ஒரு பாதி. அதே கண்ணாடி முன் அடுத்து வந்து நிற்பவருக்குள்ளும் அதே அய்யா இருக்கிறார் என்பது மறு பாதி. மாமியார் வந்து நின்றால் அவர் முகம் தெரியும். மருமகள் வந்து நின்றால் அவர் முகம் தெரியும். வழக்குப் போட்டவர் நின்றாலும், அந்த வழக்கில் மாட்டிக்கொண்டவர் நின்றாலும், கண்ணாடி ஆள் பார்த்துக் காட்டுவதில்லை.

அந்த மறு பாதியை மனத்தில் ஏந்தி வீட்டுக்குப் போகிறவருடைய வாழ்க்கையில் என்ன மாறும் என்பதே இந்த அருளுரையின் பொருள். தென்கோடியில் தோன்றிய அய்யாவின் வழி, வடக்கே கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், தென்பெண்ணைக் கரை மூங்கில்துறைப்பட்டில் கரும்பு வெட்டிப் பிழைப்பவருக்கும் வழிகாட்டுமா என்று கேட்டால், அங்குள்ள வாழ்க்கையை வைத்தே பதில் சொல்லலாம். அதற்கு முன் அய்யா செய்து காட்டியதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முடி சூடிய பெயர்

1809-ஆம் ஆண்டு. அன்றைய திருவிதாங்கூர் நாட்டில், இன்று சாமிதோப்பு என்று வழங்கும் ஊரில், ஓர் எளிய குடும்பத்தில் ஆண் குழந்தை பிறந்தது. பெற்றோர் பொன்னு நாடாரும் வெயிலாள் அம்மையும் ஆசையோடு "முடிசூடும் பெருமாள்" என்று பெயர் வைத்தார்கள். பனையேறும் குடியில் பிறந்த பிள்ளைக்கு முடியும் வேண்டுமா, பெருமாளும் வேண்டுமா என்று மேல்குடியினருக்குப் பொறுக்கவில்லை. பெயரை மாற்றச் சொன்னார்கள். முடிசூடும் பெருமாள் முத்துக்குட்டி ஆனார்.

ஒரு பெயரையே தாங்கிக்கொள்ள முடியாத காலம் அது. சான்றோர் மக்கள் தலைப்பாகை கட்டக் கூடாது. முழங்காலுக்குக் கீழே வேட்டி இறங்கக் கூடாது. பெண்கள் தோளில் சீலை போடக் கூடாது. குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது. தலைக்கு வரி, பனையேறும் ஏணிக்கு வரி, தளைநாருக்கும் வரி. கூலி இல்லாத ஊழியம் வேறு. எதிரே உயர்குடியார் வந்தால் இத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்ற கணக்கும் இருந்தது.

இவையெல்லாம் வெளியே இருந்து வந்த கொடுமைகள். உள்ளே நடந்த கொடுமை இன்னும் பெரிது. தலைமுறை தலைமுறையாகத் "தாழ்ந்தவன், தாழ்ந்தவன்" என்று கேட்டுக் கேட்டு, தாங்கள் தாழ்ந்தவர்கள்தான் போலும் என்று மக்களில் பலர் நம்பத் தொடங்கிவிட்டார்கள். பிறர் கண்ணால் தன்னைப் பார்க்கிறவனுக்கு விலங்கு தேவையில்லை. அவன் குனிந்தே நடப்பான்.

1833-ஆம் ஆண்டு, கொல்லம் 1008 மாசி 20-ஆம் நாள், திருச்செந்தூர்க் கடலிலிருந்து அய்யா வைகுண்டராக எழுந்தருளினார். சாமிதோப்பில் தவம் இருந்தார். அந்த மக்களைப் பார்த்து அய்யா சொன்னது வெறும் ஆறுதல் வார்த்தை என்றால் அது அன்றே காற்றோடு போயிருக்கும். அவர்கள் தங்களையும் அடுத்தவரையும் பார்க்கும் பார்வையை, கையால் செய்யும் செயல்களாலேயே அய்யா மாற்றினார்.

பதிக்குள் வரும் ஆண்கள் தலைப்பாகை கட்டியே வர வேண்டும் என்றார். பல இடங்களில் தலைத்துணியை அவிழ்த்து இடுப்பில் கட்டுவது மரியாதை. அய்யாவின் பதியில் அதைத் தலையில் கட்டுவதே மரியாதை. ஒரு குழந்தையின் பெயரிலிருந்து பறித்த முடி, ஓர் இனத்தின் தலையில் ஏறியது. அருகில் வந்தாலே தீட்டு என்ற காலத்தில், நெற்றியைத் தொட்டு நாமம் சாத்தும் வழக்கத்தைத் தந்தார். முத்திரிக் கிணற்றில் பதினெண் சாதியாரும் ஒன்றாக நீர் இறைத்து, ஒன்றாகக் குளித்து, ஒன்றாக உண்ண வழி செய்தார். வாகைப்பதியில் 700 குடும்பங்கள் துவையல் தவசு இருந்தன. துணியைத் துவைத்து, உடலைத் துவைத்து, அதன் வழியே மனத்தையும் துவைத்த தவசு அது.

இவற்றில் ஒன்றுக்கும் அரசரிடம் அனுமதி வாங்கவில்லை. அய்யா வைகுண்டம் ஏகியது 1851-ஆம் ஆண்டில். பெண்கள் தோளை மறைத்து உடுத்தலாம் என்று திருவிதாங்கூர் அரசு ஆணையிட்டது 1859-ஆம் ஆண்டில்தான்; அதற்கும் மக்கள் பல ஆண்டுகள் போராடினார்கள். சட்டம் மாறும் முன்பே சாமிதோப்பில் பார்வை மாறிவிட்டது. பார்வை மாறியவர்களின் முதுகு நிமிர்ந்தது.

கலி எங்கே இருக்கிறான்?

அகிலத்திரட்டு அம்மானை 1841-ஆம் ஆண்டில் அரிகோபாலன் சீடர் வழியாக எழுதப்பட்டது. குறோணி ஆறு துண்டுகளாக வெட்டுண்டு, யுகத்துக்கு ஒரு துண்டாகப் பிறந்து வந்த வரலாற்றை அது சொல்கிறது. கடைசித் துண்டு கலியன். முன் யுகங்களில் வந்த அசுரர்களை எதிரே நிறுத்திப் போர் செய்யலாம். கலி அப்படிப்பட்டவன் அல்லன். அவன் மாயையாக மனிதரின் நினைவில் புகுந்து இருக்கிறான் என்பது பெரியோர் விளக்கம்.

இதை ஏட்டு வாசிப்பில் கேட்டுவிட்டு எழுந்து போகிறோம். வீட்டில் சண்டை வரும்போது யாருக்காவது இது நினைவுக்கு வருகிறதா? அண்ணன் தம்பியைப் பகைவன் என்கிறார். தம்பி அண்ணனைப் பகைவன் என்கிறார். உண்மையில் பகைவன் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறான். அவன் அண்ணன் காதில், "உன் தம்பி உன்னை மதிக்கவில்லை" என்கிறான். தம்பி காதில், "உன் அண்ணன் உன்னை ஏமாற்றுகிறான்" என்கிறான். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொள்வதால் நடுவில் இருப்பவனை யாரும் பார்ப்பதில்லை.

அய்யாவைச் சிறைப்படுத்திய நாட்களில் நடந்த புலிக்கூண்டு நிகழ்ச்சியை அன்பர்கள் அறிவார்கள். காட்டிலிருந்து ஒரு புலியைப் பிடித்து வந்து, பட்டினி போட்டு, அந்தக் கூண்டில் அய்யாவை விட்டார்கள். புலி அய்யாவின் முன் பணிந்து படுத்தது. பணிந்த புலியை விடவில்லை. வெளியே நின்ற சேவகன் ஈட்டியால் குத்தினான். அப்போதுதான் அது சீறியது.

அந்தப் புலியிடம் அய்யா பகை பார்க்கவில்லை. பசி அது தேடிக்கொண்டதல்ல, ஊட்டப்பட்டது. சீற்றமும் அப்படித்தான். வீட்டில் ஒருவர் சீறும்போது, "இவர் குணமே இப்படித்தான்" என்று முடிவு கட்டுவது எளிது. "இவரை எந்த ஈட்டி குத்தியது? எத்தனை நாள் பட்டினி?" என்று கேட்பது அய்யாவின் பார்வை. கடன்காரன் சொல்லின் ஈட்டியாக இருக்கலாம். மருத்துவர் சொன்ன ஒரு வார்த்தையாக இருக்கலாம். ஒரு நல்ல சொல் கேட்டுப் பல நாள் ஆன பட்டினியாகவும் இருக்கலாம்.

கரும்பு வண்டியும் வரப்பும்

இப்போது மூங்கில்துறைப்பட்டுக்கு வருவோம். ஊரில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருக்கிறது. சுற்றிலும் கரும்பு. அரவைப் பருவம் வந்துவிட்டால் வெட்டும் உத்தரவு எப்போது வரும், ஆள் எப்போது கிடைக்கும், வண்டி எப்போது வரும் என்பதுதான் வீட்டுக்கு வீடு பேச்சு. முற்றிய கரும்பு நிலத்தில் நின்றால் காய்ந்து எடை குறையும். எடை குறைந்தால் பணம் குறையும். இது அந்த ஊர்க் குழந்தைக்கும் தெரிந்த கணக்கு.

அப்படிப்பட்ட ஊரில் இரண்டு சகோதரர்கள் இருப்பதாக நினைத்துப் பார்க்கலாம். தகப்பன் பங்கு பிரித்தபோது அண்ணனுக்குச் சாலையோர நிலம் வந்தது. தம்பிக்கு அதன் பின்னால் இருக்கும் நிலம். தம்பியின் கரும்பு வெளியே வர வேண்டும் என்றால் பாரம் ஏற்றிய டிராக்டர் அண்ணன் நிலத்தைக் கடந்துதான் வர வேண்டும். ஒரு வருடம் தம்பிக்கு முதலில் வெட்டும் உத்தரவு வருகிறது. அண்ணன் வழிவிட மறுக்கிறார். பேச்சு தடிக்கிறது. பிறகு கல்யாணத்துக்கு அழைப்பு இல்லை, சாவுக்கு வருகை இல்லை. பிள்ளைகள் ஒரே பள்ளியில் படித்தும் பேசிக்கொள்வதில்லை. வீட்டுப் பெயர்களை மாற்றிக்கொண்டால் இது பல ஊர்களுக்குப் பொருந்தும்.

அண்ணன் தன் வரப்பில் நின்று பார்க்கிறார். அவர் கண்ணுக்குத் தெரிவது டிராக்டர் சக்கரம். அது ஏறி இறங்கினால் நிலம் கெட்டிப்படும். வெட்டிவிட்ட கரும்பின் கட்டை நசுங்கும். நசுங்கிய இடத்தில் மறுதாம்பு சரியாகத் துளிர்க்காது. அவர் சொல்வது பொய் இல்லை.

தம்பி தன் வரப்பில் நின்று பார்க்கிறார். அவர் கண்ணுக்குத் தெரிவது காய்கிற தோகை. உரக்கடன், வெட்டுக்கூலி, வட்டி எல்லாம் அந்தத் தோகையில் தெரிகிறது. சாலை கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருந்தும் கரும்பு போக வழி இல்லை. அவர் சொல்வதும் பொய் இல்லை.

இருவரும் உண்மையே பேசுகிறார்கள். ஆனாலும் பகை வளர்கிறது. காரணம், தன் வரப்பில் நின்று மட்டுமே பார்க்கிறார்கள். அண்ணன் ஒரு நாள், ஒரே ஒரு நாள், தம்பியின் நிலத்துக்குள் நடந்து போய் அந்தக் கரும்புக்கு நடுவில் நின்று சாலையைத் திரும்பிப் பார்த்தால் போதும். தன் நிலம் அங்கிருந்து ஒரு சுவராகத் தெரியும். தம்பியும் வெட்டு முடிந்த மறுநாள் அண்ணன் நிலத்தில் இறங்கி, நசுங்கிய கட்டைகளைக் குனிந்து எண்ணிப் பார்த்தால் போதும். அந்தக் கோபத்தின் வேர் தெரியும். அதற்குப் பிறகு பேச உட்கார்ந்தால் ஓரமாக ஒரு வண்டிப்பாதைக்கு இருவரும் சில அடி விடலாம். வெட்டும் முறையை முன்கூட்டியே பேசி வைக்கலாம். நிலம் அதே நிலம். ஆலை அதே ஆலை. மாறியது நின்ற இடம் மட்டுமே.

மூங்கில்துறைப்பட்டின் ஆற்றுப் பாலத்தைக் கடந்தால் திருவண்ணாமலை மாவட்டம். இந்தப் பக்கம் நிற்பவர் அந்தப் பக்கத்தை அக்கரை என்கிறார். அங்கே நிற்பவர் இதையே அக்கரை என்கிறார். ஆறு இருவரையும் பார்த்துக்கொண்டு நடுவில் ஓடுகிறது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையால் சாத்தனூர் அணை நிரம்பி, திறந்துவிட்ட தண்ணீர் தென்பெண்ணையில் பெருவெள்ளமாக வந்தது. வெள்ளம் ஏறிய நிலத்தில் யாருடைய வரப்பு எது என்று தெரியாது. தண்ணீர் வடிந்த பிறகுதான் மனிதர் மறுபடி அளக்கத் தொடங்குகிறார்கள். வரப்பு வேண்டும், அது கணக்குக்கு. அதை மனத்துக்குள் கட்டிக்கொள்வதே கலியின் வேலை.

பிள்ளைக்கு வைக்கும் பெயர்

முடிசூடும் பெருமாள் என்ற பெயரைப் பிடுங்கியவர்கள் மேல் இன்றும் கோபம் வருகிறது. அது நியாயம். அதே செயல் பல வீடுகளில் அன்றாடம் நடப்பதை மட்டும் யாரும் கவனிப்பதில்லை.

பெற்றவர்கள் நல்ல நாள் பார்த்து நல்ல பெயர் வைக்கிறார்கள். பிள்ளை பத்தாம் வகுப்பில் மதிப்பெண் குறைந்தால் அந்தப் பெயர் போய்விடுகிறது. "தண்டம்" என்று ஒரு பெயர் வருகிறது. "உருப்படாதவன்" என்று ஒரு பெயர் வருகிறது. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பெயரைச் சொல்லிச் சொல்லி இவன் பெயர் தேய்கிறது. பெண் பிள்ளை என்றால் "செலவு" என்றே சொல்லிவிடுகிறார்கள். கேட்டுக் கேட்டு அந்தப் பிள்ளை அதையே நம்புகிறது. திருவிதாங்கூரில் தலைமுறை தலைமுறையாக நடந்தது, இங்கே ஒரு வீட்டுக்குள் பத்து வருடத்தில் நடந்து முடிகிறது.

அய்யாவின் பிள்ளைகள் என்று சொல்லிக்கொள்ளும் வீட்டில், ஒரு பிள்ளையின் தலையில் இருக்கும் முடியைக் கழற்றும் சொல் வரலாமா? தவறு செய்தால் தவறைச் சுட்டலாம். படிக்கச் சொல்லிக் கண்டிக்கலாம். செய்ததைக் கண்டிப்பது வேறு. பிறந்ததையே இகழ்வது வேறு. அந்தப் பிள்ளை கண்ணாடி முன் நின்றாலும் அய்யாதான் தெரிகிறார் என்று பெற்றவர் நம்பினால், நாக்கு தானாக அடங்கும்.

மாமியார் மருமகள் கதையும் இதற்குள் அடங்கும். மருமகள் காலையில் நேரம் கழித்து எழுந்தால் சோம்பேறி என்று பெயர். தன் மகள் புகுந்த வீட்டில் நேரம் கழித்து எழுந்தால் "பாவம், அசதி" என்று பெயர். எழுந்த நேரம் ஒன்று. பார்த்த கண் இரண்டு. மருமகளுக்கும் இது பொருந்தும். தாய் வாய்விட்டுத் திட்டினால் உரிமை. மாமியார் அதையே சொன்னால் கொடுமை. ஒரு மாமியார் மருமகளை ஒரு நாள் மகள் கண்ணாலும், ஒரு மருமகள் மாமியாரை ஒரு நாள் தாய் கண்ணாலும் பார்த்துவிட்டால், அந்த வீட்டு அடுப்படியில் அன்றே தர்மயுகம் ஒரு அடி எடுத்து வைத்துவிடும்.

கருணாபுரம் கேட்கும் கேள்வி

வீட்டுக்கு வெளியே இந்தப் பார்வை எவ்வளவு தூரம் போகிறது? அதற்குக் கள்ளக்குறிச்சியே சோதனை வைத்தது.

2024 ஜூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். பெரும்பாலும் அன்றாடக் கூலி வேலை செய்தவர்கள். ஒரே தெருவில் அடுத்தடுத்துச் சாவு விழுந்தது. இறந்தவர் குடும்பங்களுக்கு அரசு 10 லட்சம் ரூபாய் அறிவித்தபோது, "குடித்துச் செத்தவனுக்கு இவ்வளவா?" என்று டீக்கடையிலும் பேருந்திலும் பேசினார்கள். கோயிலுக்குப் போய் வந்த வாயும் பேசியது.

மது மனிதரை அழிக்கும் என்பதில் அய்யாவின் வழிக்கு இரண்டு கருத்து இல்லை. கலியின் கையில் உள்ள ஆயுதங்களில் அதுவும் ஒன்று. ஆனால் ஆயுதத்தை வெறுக்க வேண்டியவர்கள் அது பாய்ந்த உடலை வெறுத்தால், யாருக்கு வெற்றி? தாழ்ந்து கிடப்பவரைத் தாங்குவதே தர்மம் என்பது அய்யா வைத்த அடிப்படை. எப்படித் தாழ்ந்தார், யார் குற்றத்தால் தாழ்ந்தார் என்று விசாரித்துவிட்டுத் தாங்கச் சொல்லவில்லை. அந்த வீடுகளில் மிஞ்சியிருக்கும் தாய்மாரும் பிள்ளைகளும் குடித்தவர்கள் அல்லர். "குடிகாரன் பிள்ளை" என்ற பெயரை அந்தப் பிள்ளை சுமக்கும் ஒவ்வொரு நாளும், மறுபடியும் ஒரு பெயர் பறிக்கப்படுகிறது. அதைத் தடுக்கத் தனிச் சட்டம் தேவையில்லை. பக்கத்து வீட்டுக்காரரின் வாய் போதும்.

மேற்கே இருக்கும் கல்வராயன் மலையையும் இங்கே நினைக்கலாம். தூரத்தில் இருந்து பார்த்தால் நீலமாக, அழகாக இருக்கிறது. ஏறிப் போனால் கல்லும் முள்ளும் செங்குத்தான பாதையும். அங்கே வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் 1976 வரை ஜாகீர்தார்கள் ஆட்சியின் கீழ் இருந்தார்கள். நாடு விடுதலை அடைந்து 29 வருடம் ஆன பிறகுதான் அந்த மலை அவர்கள் பிடியிலிருந்து விடுபட்டது. புளியும் கடுக்காயும் தேனும் கீழே இறக்கி விற்கும் அந்த மக்களைப் பார்த்து, "மலைக்காரன், விவரம் இல்லாதவன்" என்று எடையில் கை வைப்பவர் உண்டு. ஏணிக்கும் தளைநாருக்கும் வரி கொடுத்து அழுத முன்னோரின் வரலாற்றை ஏட்டில் வாசிக்கிறவர் அப்படிச் செய்யலாமா? தனக்கு நேர்ந்த கொடுமையை நினைத்து அழுவது எளிது. அதே கொடுமை தன் கையால் நடக்கும்போது அடையாளம் கண்டு நிறுத்துவதே அய்யா கேட்கும் பார்வை.

பணிந்து போகச் சொல்வதல்ல

இங்கே ஒரு தவறான பொருள் வந்துவிடக் கூடாது. "பார்வையை மாற்றிக்கொள்" என்ற சொல்லை வலியவர் எளியவர் மேல் வீசுவதுண்டு. அடி வாங்கும் மனைவியிடம், "அவர் நிலைமையைப் புரிந்துகொள்" என்பார்கள். கூலி கேட்பவரிடம், "முதலாளி பக்கமும் பார்" என்பார்கள். அய்யாவின் வழி அதுவல்ல.

திருவிதாங்கூர் மக்களிடம், "அரசரின் கஷ்டத்தைப் புரிந்துகொண்டு வரியைக் கட்டுங்கள்" என்று அய்யா சொல்லவில்லை. தலையில் துணியைக் கட்டச் சொன்னார். அநியாயத்தை அநியாயம் என்றே பெயர் சொல்லி அழைத்தார். அதற்காகச் சுவாதித் திருநாள் ஆட்சியில் திருவனந்தபுரம் சிங்காரத்தோப்பில் சிறை இருந்தார். சேவகர்கள் பிடிக்க வந்தபோது கொதித்து எழுந்த மக்களைப் பொறுத்திருக்கச் சொன்னவரும் அவரே. எதிரியின் முன் குனியவும் இல்லை, எதிரியை வெட்டச் சொல்லவும் இல்லை. இரண்டுக்கும் நடுவே ஒரு பாதை உண்டு என்று காட்டினார்.

ஆகவே அடிக்கிற கையைத் தடுக்க வேண்டும். ஏமாற்றுகிறவரிடம் கணக்குக் கேட்க வேண்டும். தேவைப்பட்டால் பெரியவர்களிடமும் காவல் நிலையத்திலும் சொல்ல வேண்டும். அப்படிச் செய்யும்போதும் அவர் உள்ளே இருக்கும் சுடரை மறக்காமல் இருந்தால், நியாயம் கிடைத்த பிறகு பழி தொடராது. அய்யாவின் பார்வை மாற்றத்தில் இரண்டு பக்கம் உண்டு. தாழ்த்தப்பட்டவர் நிமிர்ந்து பார்க்க வேண்டும். மேலே இருப்பவர் இறங்கி வந்து பார்க்க வேண்டும். ஒரு வீட்டில் யார் நிமிர வேண்டும், யார் இறங்க வேண்டும் என்பது அவரவருக்கே தெரியும்.

நடுவில் இருக்கும் திரை

தென்பெண்ணை கடலூர் அருகே கடலில் சேர்கிறது. அந்தக் கடலூர் மாவட்டத்து வடலூரில் வள்ளலார் 1872-ஆம் ஆண்டு சத்திய ஞான சபையைத் திறந்தார். அங்கே ஜோதிக்கு முன்னால் ஏழு திரைகள். ஒவ்வொன்றாக விலக்கினால்தான் ஜோதி தெரியும். கேரளத்துக் களவங்கோட்டில் நாராயண குரு 1927-ஆம் ஆண்டு கண்ணாடியைப் பிரதிட்டை செய்தார். காலமும் இடமும் வேறு. மனிதருக்குள் இருக்கும் ஒளியைப் பார்க்கச் சொன்ன பெரியோர் பலர் இந்த மண்ணில் நடந்திருக்கிறார்கள். அவர்களுக்கெல்லாம் முன்பே, எழுதப் படிக்க உரிமை இல்லாத மக்களின் முன் அய்யா இந்த உண்மையை வைத்தார்.

ஜோதி எங்கும் போய்விடவில்லை. நடுவில் திரை இருக்கிறது. சாதி ஒரு திரை. பணம் ஒரு திரை. பழைய கோபம் ஒரு திரை. "எனக்குத் தெரியும், அவன் இப்படித்தான்" என்ற முடிவு எல்லாவற்றையும் விடத் தடித்த திரை. அந்தத் திரை விழுந்துவிட்டால், எதிரில் இருப்பவர் திருந்தி வந்து நின்றாலும் பழைய ஆளாகவே தெரிவார்.

அன்றாடம் செய்யக் கூடியவை

துவையல் தவசு ஒரே நாளில் முடிந்ததல்ல. மனத்தைத் துவைப்பதும் அப்படித்தான். அன்புக்கொடி மக்கள் வீட்டில் பழகிக்கொள்ள எளிய வழிகள் உண்டு.

காலையில் நாமம் தரித்துக் கண்ணாடியைப் பார்க்கும்போது தன்னை மட்டும் பார்த்துவிட்டு நகராமல், மனத்தாங்கல் உள்ள ஒருவரையும் அந்தக் கண்ணாடி முன் மனத்தால் நிறுத்திப் பார்க்க வேண்டும். அவர் நெற்றியிலும் அதே நாமம் இருப்பதாக எண்ண வேண்டும். முதல் நாள் மனம் ஒப்பாது. ஒப்பாவிட்டாலும் செய்ய வேண்டும்.

கோபத்தில் பதில் சொல்லும் முன், "இவரை எந்த ஈட்டி குத்தியது?" என்று ஒரு முறை கேட்டுக்கொள்ள வேண்டும். பதில் தெரியாவிட்டாலும் கேள்வி கேட்ட அந்த நேரம் நாக்கைக் காக்கும்.

வாரத்தில் ஒரு நாளாவது வீட்டில் எல்லாரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். ஆண்கள் உண்ட பிறகு பெண்கள் என்ற வழக்கம் இருந்தால் அன்றாவது அதை விட வேண்டும். பதியில் அன்னதர்மத்தில் சமமாக உட்கார்ந்து உண்டுவிட்டு, வீட்டில் மனைவியைக் கடைசியில் உட்கார வைப்பது முறையல்ல.

பேச்சு நின்றுபோன உறவு ஒன்று இருந்தால், இந்த வருடத்துக்குள் அவர் நிற்கும் இடத்துக்கு ஒரு முறை போய் வர வேண்டும். போனவுடன் தீர்வு வந்துவிடாது. வாசலில் நின்று ஒரு வாய் தண்ணீர் கேட்டாலும் போதும். முத்திரிக் கிணற்றில் அய்யா தொடங்கியதும் தண்ணீரைக் கொண்டுதானே.

அன்புக்கொடி மக்களே, எதிரில் இருப்பவர் மாறட்டும், பிறகு பார்க்கலாம் என்று காத்திருந்தால் ஆயுள் போதாது. அரசர் மாறட்டும் என்று அய்யா காத்திருக்கவில்லை. தன் மக்களின் தலையில் துணியைக் கட்டினார், தலை நிமிர்ந்தது. இன்று கட்டும் தலைப்பாகை அந்த நிமிர்வைத் தனக்குத் தருவது போல, அடுத்தவர் தலையில் இருக்கும் தலைப்பாகையையும் பார்க்கும் கண்ணைத் தரட்டும். கண்ணாடியில் தெரிந்த அய்யாவை வாசலில் வந்து நிற்கும் மனிதரிலும் காணும் நாளில் பகை இருக்கும் இடம் தெரியாமல் போகும். கலி போக ஒரு வீடு கிடைக்காமல் தவிக்கும். தர்மம் அந்த வீட்டில் குடியேறும்.

அய்யா உண்டு. அய்யா துணை.